பம்ப் கையில இருக்கு, மருந்து நெஞ்சுக்குள்ள போகுதா?

என்ன வேலை பாக்குறன்னு கேட்டா "எம்ஏ", அதாவது மெடிக்கல் அசிஸ்டண்ட்னு சொல்வேன், மலேசியாவுல பாதிப் பேருக்கு அதுலயே புரிஞ்சிடும். புரியாதவங்ககிட்ட தோட்டத்துல மருந்து குடுத்து கட்டுப் போட்ட டிரஸ்ஸர் இருந்தாரே, அந்த வேலைதான், இப்போ டிப்ளமா படிச்சு ரெஜிஸ்டர் பண்ணி செய்றோம்னு சொன்னா உடனே தலையாட்டுவாங்க. அமெரிக்காவுல இதுக்குக் கிட்டத்துல பிசிஷன் அசிஸ்டண்ட்னு ஒரு வேலை இருக்கு, 1965ல டியூக் யூனிவர்சிட்டில ஆரம்பிச்சது, நேவில மெடிக்கல் வேலை பாத்துட்டு வந்தவங்களத்தான் மொத மொதல்ல சேத்தாங்க. இங்க நமக்கு 1977லயே தனிச் சட்டம் வந்துடுச்சு. நான் இருக்கிறது கோலாலம்பூர்ல, நுரையீரல் கிளினிக்ல.

மருந்த சாரலா மூச்சுல இழுக்க வைக்கிற நெபுலைசர் போடுறது, ஊத வச்சு நுரையீரல அளக்குற ஸ்பைரோமெட்ரி எடுக்குறது, டாக்டர் குழாய் விட்டு மூச்சுக்குழாய உள்ள பாக்குற புரோங்கோஸ்கோப்பி செய்யும்போது கூட நிக்கிறது, இப்படி வேலை நிறைய. ஆனா எனக்குக் கேட்டா முக்கியமான வேலை இதெல்லாம் இல்ல, இன்ஹேலர், அதான் பம்ப், அடிக்கிறவங்க எதிர்ல ஒக்காந்து "உங்க பம்ப்ப எடுங்க, வீட்ல எப்படி அடிப்பீங்களோ அதே மாதிரி எனக்குக் காட்டுங்க"ன்னு கேக்குறதுதான்.

செந்தூல் பக்கத்துல இருந்து ஒரு ஆண்ட்டி வருவாங்க, ராத்திரில இழுப்பு வந்து அடிக்கடி எமர்ஜென்சிக்குப் போறவங்க. மருந்து சரியான மருந்துதான், டோஸும் சரி. கைக்குட்டையில சுத்தி ஹேண்ட்பேக்ல வச்சிருந்த நீல பம்ப்ப எடுத்தாங்க, குலுக்கல, மூச்ச வெளிய விடல, வாய்ல வச்சு டக்குன்னு ஒரு அமுக்கு, ஒடனே வாயத் திறந்துட்டாங்க. வெள்ளையா புகை மாதிரி வெளிய வந்துச்சு. "ஆண்ட்டி, அந்த வெள்ளையா போச்சே, அதான் உங்க மருந்து"ன்னேன். "ஐயோ தம்பி, இத்தன நாளா அப்படித்தானே அடிக்கிறேன், யாரும் சொல்லலையே"ன்னாங்க. அவங்க தப்பு இல்ல, கவுண்டர்ல கூட்டம், அவசரத்துல பொட்டிய கையில குடுத்து "ரெண்டு தடவ அடிங்க"ன்னு அனுப்பிட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் அடிப்பாங்க.

நல்லா குலுக்கணும், மூச்ச முழுசா வெளிய விடணும், உதட்ட இறுக்கி மூடி, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கணும், இழுத்து முடிச்சு பத்து எண்ற வரைக்கும் அடக்கணும். கையும் மூச்சும் சேரலன்னா ஸ்பேசர், அதாவது பம்ப்புல மாட்டுற குழாய் மாதிரி டப்பா, வச்சுக்கலாம், பெரியவங்களும் வச்சுக்கலாம், அது சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் இல்ல. பவுடர் டைப் இன்ஹேலர்னா நேர் எதிரு, அத வேகமா ஆழமா இழுத்தாதான் பவுடர் உள்ள போகும். ரெண்டும் கையில இருக்குறவங்க ரெண்டையும் ஒரே மாதிரி இழுப்பாங்க, அப்புறம் மருந்து கேக்கலன்னு வருவாங்க. இன்னொன்னு, டப்பாவ தண்ணில போட்டு மிதக்குதா முங்குதான்னு பாத்து மருந்து இருக்கான்னு கண்டுபிடிக்கிறது வேலைக்கு ஆகாது, எண்ணிக்கை வச்சுதான் தெரியும்.

அடுத்து அந்த பயம். "பம்ப் அடிச்சா பழகிடும்"னு ஆயா சொன்னாங்க, பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னாரு. அந்த பயத்துல தினமும் போட வேண்டிய ஸ்டீராய்டு பம்ப்ப அலமாரில வச்சுட்டு, நீலத்த மட்டும் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஏன்னா அதுதான் அஞ்சு நிமிஷத்துல மூச்ச விட வைக்குது. ஆனா நீலம் சுருங்குன மூச்சுக்குழாய விரிச்சு விடும், அவ்வளவுதான், உள்ள இருக்குற வீக்கத்த அது தொடாது. 2019ல இருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவே பெரியவங்களுக்கும் டீனேஜ் புள்ளைங்களுக்கும் நீலம் மட்டும் போதாதுன்னு சொல்லிடுச்சு. 200 அடி உள்ள நீல டப்பா வருஷத்துக்கு மூணோ அதுக்கு மேலயோ முடிஞ்சா அட்டாக் வர்ற ஆபத்து கூடுது, பன்னெண்டுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் "டப்பா எத்தன மாசம் வருது"ன்னு திருப்பித் திருப்பி கேக்குறேன். ஸ்டீராய்டுன்னு சொன்னாலே மொகம் மாறுறவங்களுக்கு நான் சொல்றது: எமர்ஜென்சில குடுக்குற மாத்திரை 30, 40 மில்லிகிராம், பம்ப்ல ஒரு அடி பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம், அதாவது 0.1, 0.2 மில்லிகிராம். மருந்து வேற வேற, அப்படியே ஒப்பிட முடியாது, ஆனாலும் அந்த மாத்திரை தேவைப்படாம இருக்கத்தான் இந்த பம்ப். அடிச்சதும் வாய கொப்பளிச்சு துப்பிடணும், இல்லாட்டி நாக்குல வெள்ளையா புண்ணு வந்துடும்.

ஸ்பைரோமெட்ரி ரூம்ல வேற கதை. ரிட்டயர் ஆன லோரி டிரைவர் ஒருத்தர், ரொம்ப வருஷம் சிகரெட், மாடிப்படில பாதியிலயே நின்னுடுறாரு, வயசாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. மூக்குல கிளிப் போட்டு "இழுங்க ஐயா, இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விடாதீங்க இன்னும் இன்னும்"னு பக்கத்துல நின்னு கத்துவேன், மலாய்க்காரங்களுக்கு "தியுப் லாகி லாகி", சீன அங்கிள்ங்களுக்கும் அதே. அவருக்கு கழுத்து நரம்பு பொடைச்சுடுச்சு, ஆனா ஸ்கிரீன்ல கோடு மேல ஏறி பள்ளமா வளைஞ்சு இறங்குது. நாலு அடி சல்புட்டமால் (அதான் அந்த நீல பம்ப் மருந்து) குடுத்து கால் மணி நேரம் ஒக்கார வச்சு மறுபடி ஊத வச்சோம், மொத்தமா ஊதுன காத்துல மொதல் செகண்ட்ல வந்த பங்கு அப்பவும் 0.7க்குக் கீழதான். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமா சுருங்கிப் போற நுரையீரல் நோய். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே அவரு "இனிமே சரியாகாதா தம்பி"ன்னு கேட்டாரு. போனது திரும்பாது ஐயா, ஆனா சிகரெட்ட விட்டா குறையுற வேகம் கொறையும்னு டாக்டரும் சொன்னாரு, நானும் சொன்னேன், பெர்ஹெந்தி மெரோக்கோக், அதாவது சிகரெட்ட நிறுத்த உதவுற கிளினிக்குக்கு அன்னிக்கே அப்பாய்ண்ட்மெண்ட் போட்டோம்.

வீட்ல இழுப்பு உள்ளவங்க இருந்தா சாம்பிராணியும் கொசுவத்தியும் அவங்க இருக்குற ரூம்ல வேணாம், சாமி கும்பிடுறத யாரும் நிறுத்தச் சொல்லல, ஜன்னலத் திறந்து வச்சு கொஞ்சம் தள்ளி போடுங்க. 2019 செப்டம்பர் புகைமூட்டம் மாதிரி ஐபியு (காத்து மாசு அளவு) ஏறுற நாள்ல வெளிய ஓடுறத தள்ளிப் போடுங்க, தினசரி பம்ப்ப மட்டும் விட்றாதீங்க.

அடுத்த தடவ கிளினிக் வரும்போது வீட்ல இருக்குற எல்லா இன்ஹேலரையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, காலி டப்பா உட்பட. எங்ககிட்டயோ ஃபார்மசிஸ்ட்கிட்டயோ "நான் அடிக்கிறத கொஞ்சம் பாருங்க"ன்னு கேளுங்க, அதுக்கு காசு கேக்க மாட்டாங்க.