பெருவிரல் மட்டும் அசைந்தது: பொட்டுலிசத்திலிருந்து மீண்ட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு முறை வாந்தி. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிட்டேன். திங்கள் காலை எழுந்தபோது கதவுக்கு இரண்டு கைப்பிடிகள் தெரிந்தன. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும், திறந்தால் மறுபடி இரண்டு. வாய் பஞ்சு அடைத்ததுபோல் வறண்டிருந்தது. தண்ணீர் குடித்தேன், பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை.

முதலில் போன மருத்துவமனையில் வயிற்றுக் கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ராத்திரிக்குள் பேச்சு குழறியது, இமைகள் தானாகச் சரிந்தன. வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். பக்கவாதமோ என்று மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. கில்லன் பாரே, மயஸ்தீனியா என்று தசையைத் தளரவைக்கும் நோய்களின் பெயர்களைப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

நரம்பியல் டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "கால் முதல்ல தளர்ந்ததா, கண்ணா?" கண்தான் என்றார் என் கணவர். கில்லன் பாரே பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். எனக்கோ கண், தொண்டை, கழுத்து, தோள் என்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவில். தொட்டால் உணர்வு இருந்தது, நினைவும் தெளிவாக இருந்தது. அப்புறம் கேட்டார்: "போன ஒரு வாரத்துல, வீட்டுல அடைச்சு வெச்சது எதையாவது சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருந்தேன். மூன்று வாரம் முன்பு உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு, பாட்டிலில் இறுக மூடி, சமையலறை அலமாரியிலேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை ராத்திரிதான் திறந்தேன். கணவருக்குப் பூண்டு பிடிக்காது, அவர் தொடவில்லை. குழறிக் குழறி இதைச் சொல்லி முடித்ததும், பொட்டுலிசமாக இருக்கலாம் என்றார் டாக்டர்; உணவில் ஒரு கிருமி உண்டாக்கும் நச்சு நரம்பை முடக்கிவிடும் நோய் அது. கணவரை வீட்டுக்கு அனுப்பினார், பாட்டிலைத் திறக்காமல் பையில் போட்டு எடுத்து வரும்படி.

இதற்கிடையில் மூச்சுத் தசைகளின் பலத்தைப் பார்க்க, நர்ஸ் மணிக்கொரு தடவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகவே காட்டியது. ஊதும் அளவுதான் குறைந்துகொண்டே வந்தது. மூச்சுத் திணறும்வரை காத்திருக்காமல், அந்த அளவைப் பார்த்தே என்னை வென்டிலேட்டரில் போட்டார்கள். நான் பிழைத்தது அதனால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ரத்தம், மலம், பாட்டில் மூன்றும் ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வர நாளாகும் என்பதால் அதற்குக் காத்திருக்காமல் நச்சுமுறி மருந்தை ஏற்றினார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை வரலாம் என்று மெதுவாக ஏற்றினார்கள். மறுநாளே எழுந்துவிடுவேன் என்று நம்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. ரத்தத்தில் ஓடும் நச்சை மட்டும்தான் அது பிடிக்குமாம். நரம்பு நுனிக்குள் போய்விட்ட நச்சை எடுக்காது; தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் அங்கே அடைபட்டே கிடக்கும். நரம்பு புது முளை விட்டுத் தசையைத் தொடவேண்டும், அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும்.

எனக்கு எல்லாம் கேட்டது. இதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கண் திறக்காது, முகத்தில் அசைவில்லை, ஆனால் முழு விழிப்பு. வந்தவர்கள் என்னை மயக்கத்தில் இருப்பவள் என்று நினைத்துத் தலைமாட்டிலேயே அழுதார்கள். ஒரு நர்ஸ்தான் இமையை விரலால் தூக்கி, "நான் பேசுறது கேட்குதுன்னா எதையாவது அசைங்க" என்றார். வலது கால் பெருவிரல் மட்டும் அசைந்தது. ஒரு தடவை அசைத்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

அந்த விரலால் நான் சொன்ன முக்கியமான பதில் ஒன்று உண்டு. "அந்தப் பூண்டை வேற யாருக்காவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு தடவை அசைத்தேன். கணவருக்கு அது தெரியாது. அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா பெயர் வந்ததும் அசைத்தேன். அக்கா இன்னும் மூடியைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டிலில் நிறம் மாறவில்லை, மூடி உப்பவில்லை. ஆனாலும் என் பாட்டில், அக்காவின் பாட்டில் இரண்டிலுமே ஏ வகை நச்சு இருந்ததாக ஆய்வகம் சொன்னது.

என் தவறு என்னவென்று பிறகுதான் புரிந்தது. பொட்டுலிசக் கிருமியின் வித்துகள், அதாவது அது உறங்கிக் கிடக்கும் வடிவம், மண்ணில் எங்கும் உண்டு, பூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, குளிரில்லாத இடத்தில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதற்குக் கச்சிதம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இதேபோன்ற பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டது.

நச்சு சூட்டில் அழியும், நன்றாகக் கொதித்தால் போய்விடும். வித்து கொதிநீருக்கும் சாகாது. அதைக் கொல்ல அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். அதனால் புளிப்பில்லாத காய், இறைச்சி, மீனை வெறுமனே வேகவைத்துப் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. கார அமில அளவு (pH) 4.6க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருந்தால் வித்து முளைக்காது. எண்ணெயில் போட்ட பூண்டைக் கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் நாக்கில்கூட வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் வேண்டாம், அதில் இருக்கும் வித்து பிஞ்சுக் குடலிலேயே முளைத்துவிடும்.

26 நாள் கழித்து வென்டிலேட்டரை எடுத்தார்கள். முதலில் விழுங்கியது கெட்டியாக்கிய தண்ணீர், ஒரு தேக்கரண்டி. அதற்கே கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன், சாயங்காலம் ஆனால் இமை கனக்கிறது. கதவுக்குக் கைப்பிடி ஒன்றுதான்.