காணாமல் போன 24

"அக்கா, மூணும் நாலும் கூட்டி வர்க்கப்படுத்தினா 49. தனித்தனியா வர்க்கப்படுத்திக் கூட்டினா 25. மீதி 24 எங்க போச்சு?"

மாடி வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண். ரப்பர் போட்டு அழித்து அழித்து நோட்டுத் தாளே ஓட்டையாகியிருந்தது.

பக்கத்துக்கு ஏழு கட்டமாக ஒரு சதுரம் வரைந்தேன். மூன்று கட்டம் தள்ளி, குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கோடுகள். மூலையில் 9, எதிர் மூலையில் 16. மீதி இரண்டு செவ்வகங்கள்.

விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு. இன்னொரு பன்னிரண்டு. சட்டென்று நிமிர்ந்தாள்.

"(a+b)² வாய்பாட்டுல வர்ற அந்த 2ab இதுதானா!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் தூக்கம் வரவில்லை.

பி.எஸ்சி. கணிதம் முடித்து நாலு வருஷமாகக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். படிக்க வேண்டும்; இரண்டு வருஷம், சம்பளம் இல்லாமல். அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு, 150 கேள்விகள். அதில் தேறினாலும் அரசுப் பள்ளிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வயதானவர்களை எனக்குத் தெரியும். தனியார் பள்ளிச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அம்மா கேட்பதில் தப்பே இல்லை: "கையில இருக்கறத விட்டுட்டா?"

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாலு வருஷத்தில் என் வேலையைப் பார்த்து யாருடைய முகமும் அப்படி மாறியதில்லை.

சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். ஒரு வருஷம் தாங்கும். இன்னொரு வருஷத்துக்கு வழி யோசிக்க வேண்டும்.

நாளைக்கு முக்கோணத்தோடு வருகிறாளாம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைக்கணும்.