பழுப்பு டம்ளர்

குடிநீர் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். செல்போனை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் உட்கார்ந்து பேசுவார்கள். போனில் இரண்டு கண்ணாடி டம்ளர்களின் படம் இருக்கும். ஒன்றில் தெளிந்த தண்ணீர், மற்றதில் சாக்கடை நிறத்தில் ஏதோ மிதக்கும். "சார், இதைத்தான் இத்தனை நாளா குடிச்சிருக்கோம். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

வீட்டுக்கு வந்து, தண்ணீரிலுள்ள உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் விற்கிறவர் செய்துகாட்டிய வித்தை அது. குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளரில், ஆர்.ஓ. தண்ணீர் இன்னொன்றில். இரண்டிலும் ஓர் இரும்புக் கம்பி, ஓர் அலுமினியக் கம்பி. சுவிட்சைப் போட்டதும் குழாய்த் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, திரிதிரியாகக் கசடு கட்டும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். "பாத்தீங்களாம்மா, உங்க தண்ணியில இருக்கிற விஷம்!" ஆர்டர் கையெழுத்தாகிவிடும்.

தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால்தான் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். அது காற்றோடு சேர்ந்து துருவாகும். டம்ளரில் தெரிவது அந்தத் துரு. தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, விற்பனையாளரின் கம்பி. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி தப்பித்துக்கொள்கிறது.

இதை வாயால் விளக்கிப் பார்த்ததில் பெரிய பலன் இல்லை. தலையாட்டுவார்கள், கண் போன் படத்திலேயே இருக்கும். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே ஒரு சோதனை நடந்திருக்கிறது. சோதனையும் உண்மைதான், அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பொய். இந்த மின்னாற்பகுப்பைப் பள்ளியில் படித்தவர்களே, பொறியியல் பட்டதாரிகளே, மயங்கியிருக்கிறார்கள். அதனால் அந்தக் கருவியில் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தோம். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், விற்பனையாளர் காட்டியதைவிடக் கருப்பாகவே வரும். அதற்குப் பிறகுதான் சிரிப்பார்கள். சிலர் அப்போதும், "எல்லாம் சரி சார், மெஷின் வாங்கலாமா வேண்டாமா?" என்பார்கள்.

டி.டி.எஸ். மீட்டரும் இதே வியாபாரத்தில்தான் வேலை செய்கிறது. அது நஞ்சை அளப்பதில்லை. மின்கடத்துத் திறனை அளந்து, உப்பின் அளவை உத்தேசமாகச் சொல்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. நூறைத் தாண்டினாலே ஆபத்து என்று பயமுறுத்துகிறவர், அதே மீட்டரை இளநீரில் வைத்துப் பார்க்கட்டும். எண் ஆயிரத்தைத் தாண்டும்.

மெஷினே ஏமாற்று என்று நான் சொல்வதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு அதிகம். பல் காவியேறி, எலும்பு வளைந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அப்படிப்பட்ட தண்ணீருக்கு ஆர்.ஓ. உண்மையிலேயே உதவும். ஆனால் புளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. அந்தக் கம்பிகளும் அதைக் காட்டாது.

எனக்குக் கவலை தருவது நைட்ரேட். உரம் போட்ட வயலிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் கிணற்றில் இறங்கும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அப்படிப்பட்ட மாதிரிகளைக் கொண்டுவருகிறவர்கள் முகத்தில் பயமே இருக்காது. வேறு ஏதாவது அனுமதிக்காக ரிப்போர்ட் கேட்டு வந்திருப்பார்கள். நைட்ரேட் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தால், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே சார், இதுல என்ன கோளாறு?"