ஒண்ணும் வேணாம்னு சொன்ன அன்னிக்கு

"கேன்சர்னும் சொல்றீங்க, மருந்து வேணாம்னும் சொல்றீங்க. இதுல எது டாக்டர் பொய்?"

அந்த அப்பா இதக் கேட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. அன்னிக்கு நான் சொன்ன பதில் இன்னும் தொண்டையிலயே நிக்குது.

பையனுக்கு 15 வயசு. கழுத்துல ஒரே ஒரு நெறிகட்டி, வலி இல்ல, காய்ச்சல் இல்ல, எடையும் குறையல. சர்ஜன் முழுசா எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிட்டார். முதல் ரிப்போர்ட் ஃபாலிகுலர் லிம்போமா, அதாவது நெறிகட்டில வர்ற ஒரு வகை கேன்சர், ஹை கிரேடு, செல்லுங்க எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டுற கேஐ-67 ரொம்ப ஜாஸ்தி. அதப் பாத்த அன்னிக்கே நான் ஃபோன் போட்டு "லிம்போமா தான் சார், கீமோ குடுக்க வேண்டி வரும்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? பர்கிட் லிம்போமா மாதிரி ஓரிரு நாள்ல ரெண்டு மடங்காகுற கட்டிங்களப் பாத்துப் பாத்து பழகின ஆளு நான், குழந்தைக்கு லிம்போமான்னாலே ஒரு நாள் கூட வீணாக்கக் கூடாதுன்னு உடம்புலயே ஊறிப்போச்சு. அந்தப் பழக்கம் எத்தனையோ பிள்ளைங்கள காப்பாத்தியிருக்கு, அதனால அத தப்புன்னு சொல்ல இப்பவும் மனசு வரல. ஆனா அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் பேத்தாலஜிஸ்ட் கூப்பிட்டு "கொஞ்சம் பொறுங்க, இது பெரியவங்களுக்கு வர்ற ஃபாலிகுலர் மாதிரி தெரியல"ன்னாங்க. பெரியவங்க கட்டில பெரும்பாலும் தெரியிற பிசிஎல்2ங்கற புரதத்துக்கான ஸ்டெயின் நெகடிவ், அவங்க கிட்ட வழக்கமா இருக்கிற 14-18 குரோமோசோம் இடமாற்றம் இல்ல. ஐஆர்எஃப்4 ஜீன்ல உடைசல் இருக்கான்னும் பாத்தே ஆகணும், ஏன்னா அது இருந்தா கிட்டத்தட்ட இதே முகத்தோட வர்ற வேற லிம்போமா, அதுக்கு பொதுவா மருந்து வேணும். அந்த ஜீன் உடைசலப் பாக்குற ஃபிஷ் டெஸ்ட் ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆச்சு. அதுவும் நெகடிவ். பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜை எல்லாம் சுத்தம். பீடியாட்ரிக் டைப் ஃபாலிகுலர் லிம்போமா, 2016 டபிள்யூஎச்ஓ பட்டியல்ல தனி நோயாவே சேத்தது. பெரும்பாலும் ஆம்பளப் பசங்களுக்குத் தான் வரும், அதுவும் கழுத்து பக்கம் ஒரே இடத்துல. மைக்ராஸ்கோப்ல பயங்கரமா தெரியும், ஆனா கட்டிய முழுசா எடுத்துட்டா அதோட போயிடும், அதுக்கப்புறம் கவனிச்சுட்டு வந்தா போதும்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நல்ல சேதி சொல்லப் போறோம்னு தான் அவங்கள கூப்பிட்டு உக்கார வச்சேன். "கீமோ வேணாம் சார், எதுவுமே பண்ண வேணாம், மாசாமாசம் வந்து காட்டுங்க போதும்"னேன். அப்ப தான் அந்தக் கேள்வி. நான் உடனே பிசிஎல்2, ஐஆர்எஃப்4னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் பேசினேன். அம்மா பையன் கழுத்துல இருந்த தையல் தழும்பையே பாத்துட்டு இருந்தாங்க. அந்தப் பையன நான் ஒரு வார்த்தை கேக்கல.

அவங்க திரும்ப வரல. வேற ஆஸ்பத்திரில ரெண்டு சைக்கிள் கீமோ குடுத்தாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்த டாக்டருங்கள குறை சொல்ல முடியாது, முன்னாடி இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு அப்படித் தான் குடுத்துட்டு இருந்தாங்க, இதயத்தப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின்ங்கற கீமோ மருந்தும் அதிக டோஸ் இல்ல.

"எதுவுமே பண்ண வேணாம்"னு ஏன் சொன்னேன்னு தான் திரும்பத் திரும்ப ஓடுது. அது உண்மையே இல்லயே. கட்டிய எடுத்தது தான் வைத்தியம். "உங்க பையனுக்கு வைத்தியம் முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லியிருந்தா? நான் சொன்னது அவர் காதுல கைவிட்டுட்டாங்கன்னு விழுந்திருக்கும். ரெண்டு வாரம் முன்னாடி கீமோன்னு சொன்ன அதே வாய் தானே. சில நாள் தோணும், எப்படி சொல்லியிருந்தாலும் அவர் போயிருப்பார், கேன்சர்ங்கற வார்த்தை காதுல விழுந்த பிறகு சும்மா உக்காந்திருக்க எந்த அப்பாவால முடியும்னு. அடுத்த நாளே அது எனக்கு நானே சொல்லிக்கிற சமாதானமா தெரியும். சரி, அடுத்த தடவ மாத்தி சொல்லிப் பாக்கலாம்னா, இந்த நோயோட இன்னொரு பிள்ளை இதுவரைக்கும் என்கிட்ட வரல.

போன மாசம் அவர் கிட்டருந்து மெசேஜ். "பையன் நல்லா இருக்கான் டாக்டர், நல்லவேளை மருந்து குடுத்தோம்." அவன் மருந்து இல்லாமலும் நல்லா தான் இருந்திருப்பான்னு நான் நம்புறேன், ஆனா அத இந்த ஒரு பையன வச்சு நானும் நிரூபிக்க முடியாது, அவரும் முடியாது. "ரொம்ப சந்தோஷம் சார்"னு மட்டும் அனுப்பினேன்.

ஆனா டாக்ஸோரூபிசின் போன பையன். குறைஞ்ச டோஸா இருந்தாலும் சில வருஷத்துக்கு ஒருக்கா எக்கோ எடுத்து இதயத்த பாக்கணும், அவன் வளந்து பெரியவனான பிறகும். பின்னாடி குழந்தை பெத்துக்கறதப் பாதிக்கக்கூடிய சைக்ளோபாஸ்பமைடும் போயிருக்கு, அதப் பத்தியும் யாராவது அவன் கிட்ட நேரா உக்காந்து பேசணும். அங்க சொல்லியிருப்பாங்களா? இத நான் எழுதினா அவருக்கு எப்படிப் படும், குடுத்தது தப்புன்னு குத்திக் காட்டுற மாதிரி இருக்காதா? நாலு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டேன். இப்ப அஞ்சாவது தடவ, "சார், தம்பிகிட்டயும் ஒரு விஷயம் பேசணும், ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா"ன்னு மட்டும் அடிச்சு வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல.