பர்மா காட்டில் ஒட்டகம்

"காதுல மாட்டிக்கிட்டு டைப் அடிக்கிறான்" என்றுதான் அம்மா என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். தப்பில்லை. சென்னையில் பத்து வருஷம் அமெரிக்க டாக்டர்கள் சொல்லச் சொல்ல மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அடித்தேன். அந்த வேலையை மென்பொருள் விழுங்க ஆரம்பித்ததும் பேட்டிகளை எழுத்தாக்கும் பக்கம் ஒதுங்கினேன். காலடியில் பெடல்: மிதித்தால் ஆடியோ ஓடும், எடுத்தால் நிற்கும். நிமிஷக் கணக்கில் கூலி. பேசுகிறவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தாலும் நிமிஷம் நிமிஷம்தான். இந்தத் தொழிலில் மௌனத்துக்கும் காசு உண்டு.

அப்படித்தான் இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்த அமெரிக்கக் கிழவர்கள் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் போரில் ஒரு கோடியே 60 லட்சம் அமெரிக்கர்கள் சீருடை போட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களும் போய்ச் சேருவதற்குள் அவர்கள் சொல்வதைப் பதிந்துவிட வேண்டும் என்று ஊருக்கு ஊர் பேட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் அடித்ததெல்லாம் அதில் ஒரு துளி.

முதல் ஃபைலைத் திறக்கும்போது துப்பாக்கிச் சண்டையாகக் கொட்டும் என்று நினைத்தேன். காலுறையைப் பற்றிப் பேசினார்கள். 1944 குளிர்காலம், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஜெர்மன் காடு. நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்த கால் மரத்துப்போகும், பிறகு வீங்கிக் கறுக்கும். அதனால் நனைந்த காலுறையைப் பிழிந்து சட்டைக்குள்ளே வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வார்களாம், உடம்புச் சூட்டில் காயட்டும் என்று. ஹூர்ட்கன் என்ற அந்தக் காட்டில் இருந்தவர்கள் மரத்தைப் பற்றியும் சொன்னார்கள். குண்டு மர உச்சியிலேயே வெடித்து, இரும்பும் மரச் சிராயும் சேர்ந்து தலையில் கொட்டும். குண்டு வந்தால் குப்புறப் படு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அங்கே எமனாக முடிந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றவன் பிழைத்தான்.

ஒருவர் கணக்குப் போட்டார். 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்ததும், 85 புள்ளி இருப்பவன் வீட்டுக்குப் போகலாம் என்றது ராணுவம். சேவையில் மாதத்துக்கு ஒன்று, வெளிநாட்டில் இருந்த மாதத்துக்கு இன்னொன்று, கலந்துகொண்ட படையெடுப்புக்கு ஐந்து, பிள்ளைக்குப் பன்னிரண்டு. இவருக்கு 36, 20, 25, ஆக 81. நாலு புள்ளி குறைச்சல். "கல்யாணம் கட்டியிருக்கணும்" என்று சிரித்தார். அவர் எப்போது ஊர் போய்ச் சேர்ந்தார் என்பது அந்த ஃபைலில் இல்லை.

பிறகு டெக்சாஸ்காரர் ஒருவர் வந்தார். தொண்ணூறை ஒட்டிய வயது. பின்னணியில் ஒரு சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய பீரங்கிப் படைப்பிரிவு 1941 நவம்பரில் பிலிப்பைன்சுக்கென்று கப்பலேறியது. நடுக்கடலில், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய செய்தி வர, கப்பலை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி, அங்கிருந்து ஜாவாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் சரணடைந்தது, இவர்கள் கைதிகளானார்கள். அதே வாரம் சுந்தா நீரிணையில் மூழ்கிய ஹூஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் இருந்த 1,061 பேரில் 368 பேர் தப்பி அவர்களும் கைதிகளானார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு நெடுநாள் எந்தத் தகவலும் இல்லை. 'தொலைந்துபோன படைப்பிரிவு' என்றே பெயராகிவிட்டது.

இவர்களை பர்மாவுக்குக் கொண்டுபோய் ரயில் பாதை போட வைத்தது ஜப்பான் ராணுவம். பர்மாவின் தன்பியுசயாத்திலிருந்து சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து வரை 415 கிலோமீட்டர். முகாம்களுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, 80 கிலோ, 100 கிலோ என்று தூரம்தான் பெயர். ஆளுக்கு இத்தனை கன மீட்டர் மண் என்று அளவு. சீக்கிரம் முடித்தால் ஓய்வு கிடைக்கும் என்று விழுந்து விழுந்து வெட்டியிருக்கிறார்கள், மறுவாரம் அளவைக் கூட்டிவிட்டார்கள். இந்த இடத்தில் பெடலை நிறுத்திச் சிரித்துவிட்டேன். எங்கள் டார்கெட்டும் அப்படித்தான் ஏறும். சிரித்ததற்குக் கொஞ்ச நேரத்திலேயே வெட்கப்பட வேண்டியிருந்தது. 1943 மழைக்காலத்தை அவர் சொல்ல ஆரம்பித்தார். "ஸ்பீடோ, ஸ்பீடோ" என்று காவலர்கள் விரட்டியது, காலரா, மூங்கில் கீறினால்கூட எலும்பு தெரியும் அளவுக்குப் புரையோடும் புண். ஹென்றி ஹெக்கிங் என்ற டச்சு டாக்டர் அவர்களோடு கைதியாக இருந்தார். ஜாவாவில் பாட்டியிடம் பச்சிலை வைத்தியம் கற்றவர். காலை வெட்டாமல், கரண்டியால் சீழைச் சுரண்டியே பலரைக் காப்பாற்றினார். சுரண்டும்போது நாலு பேர் பிடித்துக்கொள்வார்களாம். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். கடிகாரம் மட்டும் நாற்பது விநாடி ஓடியது. 'இடைவெளி' என்று அடித்தேன்.

ஃபைலை அனுப்பிய மறுநாள், சரிபார்க்கும் பெண் என் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, பர்மா காட்டுல ஒட்டகம் இருக்குமா?"

"ஜப்பான்காரன் ஓட்டிட்டு வந்திருப்பாம்மா."

"புள்ளகுட்டியோடயா?"

ஹெட்போனை மாட்டினேன். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகு, சயாம் பக்கம் அவர்களை மாற்றிய கதை. வழியில் இன்னொரு முகாம், அங்கே நூற்றுக்கணக்கில் 'கேமல்ஸ்', பெண்டு பிள்ளைகளோடு, மழையில், செத்துக்கொண்டு. அப்படித்தான் அடித்திருந்தேன். பின்னால் தள்ளிக் கேட்டேன். நாலாவது தடவை வேகத்தைக் குறைத்தேன். முதல் எழுத்து 'க' இல்லை, 'ட'. டாமல்ஸ். டாமில்ஸ்.

தமிழர்கள்.

மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்து, இதே பாதை போடக் கொண்டுவரப்பட்டவர்கள். 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழர்கள் சொல்வது இதைத்தான். தெரியாத கதையில்லை, எத்தனையோ படித்திருக்கிறேன். டெக்சாஸ் வாயில் அந்தச் சொல் வரும் என்று என் காது எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வரியைச் சரியாகத்தான் அடித்திருந்தேன். ஒட்டகத்தைப் பற்றிய வரி என்றே நினைத்து அடித்தது: "எங்களுக்கு டாக்டர் இருந்தார். அதிகாரிகள் இருந்தார்கள். செத்தால் பேரை எழுதிவைக்க ஆள் இருந்தது. அவர்களுக்கு யாருமே இல்லை." கைதிகளில் செத்தவர்கள் 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. கூலிகளாகப் போன ஆசியர்களுக்கு மதிப்பீடுதான், பல பத்தாயிரம்.

திருத்தி அனுப்பினேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதே வரிசையில் முந்தைய மாதங்களிலும் ரயில் பாதைக் கைதிகளின் பேட்டிகள் இரண்டு அடித்திருந்தேன். தேடிப் பார்க்கலாம் என்று சர்வரைத் திறந்தால், தொண்ணூறு நாள் கழிந்த ஃபைல்கள் தானாக அழிந்துவிடும் ஏற்பாடு. அந்தக் காட்டுக்குள் இன்னும் எத்தனை ஒட்டகங்களை ஓட்டிவிட்டேனோ.