முகம் கடைசியில் வரட்டும்

நடனமாடும் ஒருவரை வரையச் சொன்னால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் முதலில் போடுவது முகம். கண், பொட்டு, ஜிமிக்கி எல்லாம் வந்தபிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் கையும் காலும் விறைப்பாக ஒட்டிக்கொள்ளும். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் இது. திருவிழாவில் கரகமும் பொய்க்கால் குதிரையும் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. கண்ணில் இருப்பதைத் தாளுக்கு வரவிடாமல் தடுப்பது பென்சிலும் ரப்பரும்தான் என்பது என் எண்ணம்.

அதனால் இந்த அச்சுப்பட வகுப்பில் இரண்டையும் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிடுவேன். காலண்டர் அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, விளிம்பை போஸ்டர் கலரில் தொட்டு அழுத்தினால் ஒரு கோடு. அப்படியே வளைத்து இழுத்தால் வீசிய கை. கோடுகளைச் சாய்த்துச் சேர்த்தால் அரைமண்டி, அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் பரத நிலை. அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளிவைப் பதித்தால் நடன உடையின் விசிறி மடிப்பு அச்சாக விழும். அழிக்க வழியில்லை, அதனால் தயக்கமும் இல்லை.

ஒரு பெண், "டீச்சர், கால் ரெண்டு தடவ விழுந்துடுச்சு" என்று தாளை நீட்டினாள். பார்த்தால் பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது! "அப்படியே விடும்மா" என்றேன்.

பெரிய பிள்ளைகளுக்கு மோனோபிரிண்ட். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வண்ணம் பூசி, துணியால் துடைத்தும் குச்சியால் கீறியும் உருவத்தை எடுத்து, ஈரத்தாளைப் போட்டுக் கரண்டி முதுகால் தேய்க்க வேண்டும். நம்மூர் வெயிலில் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். கொஞ்சம் மைதாப் பசை கலந்தால் தாங்கும். முதல் அச்சு எடுத்ததும் ஷீட்டைக் கழுவ ஓடுவார்கள். விடமாட்டேன். இரண்டாவது தாளில் மங்கலாக வருகிற அச்சின்மேல்தான் பேஸ்டல் வண்ணக்கட்டியால் தீட்டுவோம். பிரெஞ்சு ஓவியர் டெகா 1870களில் பாலே பெண்களை இப்படியும் தீட்டியிருக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில், அதாவது கையும் காலும் சேர்ந்த நடன அசைவுகளில், 81 மட்டுமே செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. படம் காட்டியபோது ஒரு பையன், "அந்தக் கல்லுல நாங்க ஆட வைக்கலாமா டீச்சர்?" என்றான். சரி என்று 27 தாள் ஒட்டியாயிற்று. கரணம் மட்டுமா, கரகாட்டமும் வரலாமா என்று வகுப்பில் ஒரே சண்டை. வரட்டும் என்று சொல்லிவிட்டேன். நெளி அட்டைதான் போதவில்லை, மளிகைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறோம்.