என்ன நோ?

இந்தப் பழைய மாணவர் மலரின் பின்னட்டையில் கோட்டும் டையுமாகச் சிரிக்கும் ஆள் நான்தான். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவனிடமே கட்டுரையும் கேட்டுவிடலாம் என்று செயலாளர் 'வெற்றிக் கதை' ஒன்று எழுதச் சொன்னார். போன மாதம் தமிழ் மாஸ்டர் காலமான செய்தி வந்த பிறகு எனக்கு வேறொன்றும் எழுத வரவில்லை.

எட்டாம் வகுப்பு. இரண்டாம் மணிக்குப் பிறகு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளால் விழுந்து, முழங்காலில் செம்பாட்டு மண்ணும் இரத்தமும் ஒட்டியிருக்க, வாசலில் நின்று "கால் நோகுது சேர்" என்றேன்.

"என்ன நோ?"

"நோ... சேர்."

"குத்துதோ, உளையுதோ, எரியுதோ, விறைக்குதோ? இத்தினை சொல் கிடக்க, ஒண்டோடை வந்து நிக்கிறாயேடா!"

வாங்கில் ஏற்றிவிட்டார். வகுப்பு சிரித்தது. பின்னேரத்துக்குள் நான் 'நோ' ஆகிவிட்டேன். உங்களில் பலருக்கு என் சொந்தப் பெயரே தெரியாது, பின்னட்டையில் இருக்கிறது.

நோவை வைத்தே பிழைப்பேன் என்று யார் கண்டது? 28 வருடமாக ஒன்ராறியோவில் விபத்து வழக்குகள்தான் பேசுகிறேன். 2010 செப்டெம்பரிலிருந்து இங்கே சுளுக்கு, கழுத்துப் பிடிப்பு எல்லாம் 'சிறு காயம்'. காப்புறுதி வைத்தியத்துக்குத் தருவது 3,500 டொலர் மட்டும். இடித்தவர் மேல் வழக்குப் போட்டால், பாதிப்பு நிரந்தரமானது, பாரதூரமானது என்று காட்ட வேண்டும். காட்டினாலும், மிகப் பெரிய தொகையாக இல்லாவிட்டால், நோவுக்கென்று தீர்க்கும் பணத்தில் முதல் 30,000 டொலரை அந்த நாட்களில் சட்டமே கழித்துவிடும். 30,000 டொலர் நோவு என்றால் கைக்கு வருவது பூச்சியம். ஆகவே ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் நான் முதலில் கேட்பது மாஸ்டரின் கேள்வியைத்தான்.

2011 இல் ஒருநாள் மாஸ்டரே என் கந்தோர்க் கதிரையில் வந்து இருந்தார். ஸ்காபுறோவில் மகளோடு இருந்தவரை, றோட்டைக் கடக்கும்போது ஒரு கார் தட்டிவிட்டது. (மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) என்னை 'நீர்' என்றார். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

விசாரணைக்கு முன் எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்: கேட்டதற்கு மட்டும் பதில், கூட்டிச் சொல்லவேண்டாம். "நடந்ததைச் சொல்லுறதுக்கு என்ன பயிற்சி?" என்றார்.

டவுன்டவுனில் ஒரு சின்ன அறை. காப்புறுதிப் பக்கத்து வக்கீல், சுருக்கெழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர். படி ஏறும்போது எப்படி என்று கேட்டார்கள். "ஒரு உளைவு. நோவெண்டு சொல்லேலாது." மொழிபெயர்ப்பாளர் "நோ பெயின்" என்றார். மாஸ்டர் மேசையைத் தட்டினார். பிறகு உளைவுக்கும் நோவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் கால் மணித்தியாலம் விளக்கினார். சுருக்கெழுத்தாளர் 'உளைவு' என்பதற்கு எழுத்துக் கேட்டார். நான் தலை நிமிரவில்லை.

அடுத்த கேள்வி: விபத்துக்கு முன் அந்தக் காலில் ஏதாவது?

"ஓம். 1971 இலை இருந்து."

எனக்கே அது புதுச் செய்தி. எதிர்ப்பக்கத்துப் பேனா அப்போதுதான் உற்சாகமாக ஓடத் தொடங்கியது. சாட்சியத்தில் இப்படியொரு நேர்மையை நான் அதற்குப் பிறகு காணவில்லை. தொழிலுக்கு அது நல்லதென்றும் சொல்லமாட்டேன். கடைசியில் ஒரு சின்னத் தொகைக்கு முடித்தோம். நான் கட்டணம் எடுக்கவில்லை. அவர் விடாமல் பெற்றோல் காசு தந்தார்.

அன்று திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் பனி கொட்டியது. வாகனங்கள் ஊர்ந்தன. நான் 1986 இல் ஏ.எல். சோதனைக்கு முன்பே, ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்கு பஸ் ஏறியவன். அவரிடம் இரவல் வாங்கிய இலக்கணப் புத்தகம்கூட மேசையில் அப்படியே கிடந்தது. அதைச் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரத்து நிலைமை, அம்மாவின் அவசரம், பிறகு எழுதலாம் என்று விட்டது, பிறகு எழுத வெட்கப்பட்டது. அவர் பக்கம் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் முன்கண்ணாடியில் பனி அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் நோ," என்றார். "றோட்டைப் பாத்து ஓட்டடா."